எலும்பு கூடியாச்சு, கால் ஊன்ற வரவில்லை: நசுங்கிய பாதம் எப்படித் தேறும்?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 31. ஓசூர்ப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. 14 வாரத்துக்கு முன்னால் டிராலியிலிருந்து ஒரு டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் கனத்த இரும்பு அச்சு) சரிந்து இடது பாதத்தின் மேல் விழுந்திருக்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகள் உடைந்து, கம்பி போட்டு, ஆறாவது வாரம் கம்பியை உருவியிருக்கிறார்கள். பாதத்தின் மேல்தோல் பாதி உள்ளங்கை அளவுக்குக் கறுத்துப்போக, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். "எலும்பு கூடிருச்சு, இனி ஊனி நடங்க" என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. இவரோ இன்னும் இரண்டு கக்கத்துக் கட்டையோடுதான் நடக்கிறார். சாயங்காலமானால் பாதம் வீங்குகிறது, போர்வை பட்டாலே எரிகிறது, இரண்டாம் மூன்றாம் விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பெரியப்பா. எப்போது வேலைக்குப் போகலாம் என்பது கேள்வி.

இரண்டு முறை படித்ததில், அவர் கேட்க வந்தது அது இல்லை என்று தோன்றியது. எலும்பு கூடிய பிறகும் வலிக்கிறது என்றால் யாராவது எதையாவது தப்பாகச் செய்துவிட்டார்களா, இல்லை நான்தான் பயந்துகொண்டு ஊன்றாமல் இருக்கிறேனா? வீட்டில் யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். "எல்லாரும் சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க" என்ற வரியில் அது தெரிகிறது. அதனால் வேலையைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். கோவையில் 22 வருடம். பம்ப் செட், வார்ப்படம், மில் என்று இருக்கிற ஊர். கால் மேல் இரும்பு விழுந்தவர் ஒருவராவது வராத மாதம் எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அறுவை மருத்துவர் இல்லை. உங்கள் காலையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. இங்கே நான் உறுதியாகச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்; "இருக்கலாம்" என்று சொல்வதை உங்கள் டாக்டரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள்.

காலை முறுக்கி உடைத்துக்கொள்வதும் கால் நசுங்குவதும் ஒரே கணக்கில்லை. படியில் தவறி முறுக்கினால் எலும்பு போகும், தோலும் சதையும் பெரும்பாலும் தப்பித்துவிடும். மேலிருந்து எடை விழுந்தால் கீழே தரை, மேலே இரும்பு, நடுவில் இருப்பது அத்தனையும் நசுங்கும். உங்கள் நல்ல காலின் மேற்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோல், அதற்கடியில் கயிறு போல ஓடும் தசைநாண்கள், உடனே எலும்பு. மெத்தை மாதிரி சதை எதுவும் கிடையாது. பாதத்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்களும், விரல்களுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகளும் அந்த மெல்லிய இடத்தில்தான் ஓடுகின்றன. எலும்புகளுக்கு நடுவே விரல்களை அசைக்கும் சின்னச் சின்ன தசைகள் இருக்கின்றன. உங்களுக்கு அடிபட்டது இது எல்லாவற்றிலும். எக்ஸ்ரே காட்டுவது எலும்பை மட்டும். "கூடிவிட்டது" என்று டாக்டர் சொன்னது எலும்பைப் பற்றி. அது சரியாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் ஒரு சங்கடம், தசைநாண், ரத்தக்குழாய், உணர்ச்சி நரம்பு மூன்றையும் "நரம்பு" என்றே சொல்லிவிடுகிறோம். "நரம்பு பிசகியிருக்கு, உருவினா சரியாயிடும்" என்று பெரியப்பா சொல்லும்போது அவர் மனதில் இருப்பது தசைநாண். உங்களுக்கு எரிவது உணர்ச்சி நரம்பு. அதை உருவிச் சரிசெய்ய முடியாது.

தோல் கறுத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிபட்ட அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தது, ஆஸ்பத்திரியில்தான் கெட்டுப்போச்சு என்று பலர் என்னிடம் கோபமாகச் சொல்வார்கள். நசுங்கும்போது தோலுக்கு அடியிலிருந்து வரும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அறுபட்டுவிடுகின்றன. மேலே பார்க்க ஒன்றும் தெரியாது. மூன்று நாள், நான்கு நாள், சில சமயம் ஒரு வாரம் கழித்துத்தான் எந்த இடம் பிழைக்கும், எந்த இடம் போகும் என்று தோல் நிறத்தில் காட்டும். அதற்கு முன் கத்தி வைத்தால் பிழைக்க வேண்டிய தோலையும் சேர்த்து வெட்ட நேரும். காத்திருந்து பார்ப்பது பெரும்பாலும் சரியான வைத்தியம்தான்.

இப்போது கால அளவு. பாதத்தின் நீள எலும்பு பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் ஊன்றும் அளவுக்குக் கூடும், சர்க்கரையும் புகைப்பழக்கமும் இருந்தால் தள்ளிப்போகும். (பீடி சிகரெட் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றைக்கே விடுங்கள். ஒட்டுத்தோலுக்கும் அது எதிரி.) நசுங்கிய நரம்பு திரும்ப வளர்ந்தால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். பாதத்தின் நடுவிலிருந்து விரல் நுனிவரை 10, 12 செ.மீ. இருக்கும். அதாவது எல்லாம் நல்லபடியாக நடந்தாலே நாலு மாதம், அதுவும் ஆரம்பத்தில் சில வாரம் நரம்பு சும்மா கிடந்த பிறகு. தழும்பு இளகி முதிர ஒரு வருடம், ஒன்றரை வருடம். சாயங்கால வீக்கம் ஆறு மாதத்தில் குறைவதும் உண்டு, ஒரு வருடம் இழுப்பதும் உண்டு. 14-வது வாரத்தில் நீங்கள் நிற்கிற இடம், எலும்பு ஓட்டத்தை முடித்து மற்றவை பாதி வழியில் இருக்கும் இடம்.

நரம்பு வளர்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தழும்புக்குப் பக்கத்திலிருந்து விரல் பக்கமாக, நுனிவிரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் விரல் நுனிவரை கரண்ட் அடித்த மாதிரி சுருக்கென்று ஓடும். அந்த இடத்துக்கும் தழும்புக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்று அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அந்தச் சுருக்கு விரல் பக்கமாக நகர்ந்திருந்தால் நல்ல சேதி. மூன்று மாதமாக அதே இடத்தில் நின்றால் நரம்பு அங்கே தழும்பில் சிக்கியிருக்கலாம், டாக்டரிடம் காட்டவேண்டிய விஷயம். நரம்பு உயிர் வரும்போது எரிச்சலும் குத்தலும் வருவது வழக்கம். மரத்துக் கிடந்த விரல் எரிய ஆரம்பித்தால் பதறாதீர்கள்.

ஆனால் "எல்லாம் காலம்தான்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். இரண்டு விஷயத்தை விலக்கிவிட்டுத்தான் அப்படிச் சொல்லலாம்.

ஒன்று, பாதத்தின் நடுவில் இருக்கும் லிஸ்ஃப்ராங்க் மூட்டு. நெப்போலியன் படையில் இருந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர் அது. அந்த மூட்டு வழியாகப் பாதத்தை வெட்டி எடுக்கும் முறையை எழுதிவைத்தவர். பாதத்தின் வளைவைத் தாங்கும் கல்வளைவில் நடுக்கல் மாதிரி இரண்டாவது நீள எலும்பின் அடி அங்கே பொருந்தியிருக்கிறது. அதை இழுத்துப் பிடித்திருக்கும் நார் அறுந்தால் எலும்புகள் சற்றே விலகும். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் இந்த விலகல் தெரியாமல் போகலாம். எடை இறங்கும்போதுதான் அது வாய் திறக்கும். முதல் பார்வையில் ஐந்தில் ஒன்று வரை தவறிப்போகிறது என்று எங்கள் பாடப்புத்தகங்களிலேயே எழுதியிருக்கும் காயம் இது. அடிபட்ட அன்று யாருக்கும் நிற்க முடியாது, அதனால் அன்றைக்குத் தவறியது குற்றமும் இல்லை. இப்போது உங்களால் கொஞ்சமாவது நிற்க முடியும். டாக்டரிடம் போய், "இரண்டு காலையும் ஊன்றி நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல காலோடு ஒப்பிட்டு, முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவே 2 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் அது யோசிக்கவேண்டிய அளவு. சந்தேகம் இருந்தால் சி.டி. எடுப்பார்கள். குதிகால் ஊன்றும்போது வலியில்லாமல், விரல் பக்கமாக எடையைத் தள்ளும்போது மட்டும் பாதத்தின் நட்டநடுவில் வெட்டுகிற மாதிரி வலித்தால் இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

இரண்டாவது, போர்வை பட்டாலே எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது. ஒட்டிய தோலைச் சுற்றி மட்டும் எரிந்தால் நான் மேலே சொன்ன நரம்புக் கதை. பாதம் முழுக்க, சாக்ஸ் போட்ட மாதிரி எரிந்தால் வேறு. சி.ஆர்.பி.எஸ். என்று ஒரு நிலை இருக்கிறது. காயம் ஆறினாலும் வலியின் அலாரம் அணையாமல் அடித்துக்கொண்டே இருப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட வீரர்களிடம் இந்த எரிச்சலைக் கண்டு 1864-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புது வியாதி இல்லை. இதற்கு ஒற்றை ரத்தப் பரிசோதனை, ஒற்றை ஸ்கேன் கிடையாது. புடாபெஸ்ட் அளவுகோல் என்று ஒன்றை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்: தொட்டால் தாங்காத வலி, இரண்டு காலுக்கும் நிறமோ சூடோ வித்தியாசம், வீக்கம் அல்லது வியர்வையில் மாற்றம், அசைவு குறைவது அல்லது நகமும் முடியும் வேறு மாதிரி வளர்வது. இந்த நான்கு வகையில் மூன்றிலாவது உங்களுக்குத் தொந்தரவு இருந்து, இரண்டிலாவது பரிசோதிக்கும் டாக்டர் கண்ணுக்கும் தெரிந்து, வேறு எந்தக் காரணமும் பொருந்தவில்லை என்றால்தான் அந்தப் பெயர். நீங்கள் எழுதியதில் தொடுவலியும் வீக்கமும் இருக்கின்றன. மற்றதை எழுதவில்லை. இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, வீட்டில் ஒருவரைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று அடுப்பு மாதிரி, அல்லது ஐஸ் மாதிரி இருக்கிறதா? நிறம் ஊதாவாகவோ பளபளப்பாகவோ மாறுகிறதா? இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், வலி மருத்துவம் பார்ப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் உண்டு. சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு "மருந்துக்கே கேட்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். எதை, எவ்வளவு என்பது எழுதிக் கொடுப்பவரின் வேலை, நான் சொல்லக்கூடாது.

வைட்டமின் சி சாப்பிட்டால் இது வராது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நெதர்லாந்தில் மணிக்கட்டு உடைந்தவர்களுக்கு தினம் 500 மி.கி. வீதம் 50 நாள் கொடுத்ததில் குறைவாக வந்தது என்று ஆய்வு உண்டு. பிறகு வந்த வேறொரு ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதுவும் வருவதற்கு முன் தடுக்கத்தான். 14-வது வாரத்தில் ஆரம்பித்து எரிச்சலை அணைக்கும் என்பதற்கு எதுவும் இல்லை. நெல்லிக்காய் பிடித்தால் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

நான் பார்த்ததில் மறக்க முடியாதவர் ஒரு வார்ப்படத் தொழிலாளி, ஐம்பதை நெருங்கியவர். மோல்டு பாக்ஸ் விழுந்து அவர் பாதம் நசுங்கியிருந்தது. முதல் நாள் பாதத்தின் மேல் துண்டைக் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். ராத்திரி படுக்கும்போது காலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் போர்வையைப் போட்டுக்கொள்வாராம். ஃபேன் காற்றுகூட ஆகாது. "எலும்பு கூடிருச்சுங்கறாங்க, அப்பறம் ஏனுங்க வலிக்குது?" என்று கேட்டார். அவரோடு நாங்கள் செய்தது, கேட்டால் சிரிப்பீர்கள். முதல் வாரம் பஞ்சு. பஞ்சை வைத்து, எரியாத இடத்திலிருந்து எரியும் இடத்தை நோக்கி, அவரே, அவர் கையாலேயே, இரண்டு நிமிடம் தடவுவது. ஒரு நாளைக்கு ஐந்து முறை. பழகியதும் பழைய வேட்டித் துணி. பிறகு துண்டு. பிறகு ஒரு பேசினில் கேழ்வரகு போட்டு அதற்குள் பாதத்தை விட்டு அளைவது, பிறகு அரிசி, பிறகு பாசிப்பயறு. பயறுவரைக்கும் வர ஏழு வாரம் ஆனது. எட்டாவது வாரம் ஸ்டூலை எடுத்துவிட்டதாக அவர் மனைவி வந்து சொன்னார். வலி மாத்திரையும் கூடவே ஓடியது, பஞ்சு மட்டுமே செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடாமல் பாதுகாத்தால் இந்த வலி குறையாது, கூடும். அடுத்தவர் தொட்டால் பதறும் பாதம் தன் கை தொட்டால் கொஞ்சம் பொறுக்கும். அங்கே பிடித்து ஆரம்பிக்க வேண்டும். கண்ணாடியை நடுவில் வைத்து நல்ல காலை அசைத்துப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது, செலவும் இல்லை, கெடுதலும் இல்லை, செய்து பார்க்கலாம்.

அடுத்தது ஊன்றுவது. "ஊனி நடங்க" என்று சொல்லிவிடுகிறோம், எவ்வளவு ஊன்றுவது என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா? மெஷின் மேல் இடது கால். பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு பலகை, அதன் மேல் வலது கால். சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு இடது காலில் எடையை மெல்ல இறக்குங்கள். முள் 15 கிலோ காட்டும்போது பத்து எண்ணும்வரை நில்லுங்கள். இப்படிப் பத்து முறை, காலையும் மாலையும். மறுநாள் காலை எழும்போது வீக்கமும் வலியும் பழைய அளவுக்கு இறங்கியிருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 5 கிலோ கூட்டலாம். இறங்கவில்லை என்றால் ஒரு படி பின்னால் போங்கள். செய்யும்போது பத்துக்கு நாலு அளவு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலைதான் தீர்ப்பு. எண்ணைக் கண்ணால் பார்க்கும்போது பயம் தானாக அடங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். பயம் என்பது உங்கள் குணக்குறை இல்லை. மூன்று மாதம் எடை காணாத கால், எடையை ஆபத்து என்று பழகியிருக்கிறது. உங்கள் எடையில் முக்கால்வாசியை ஒற்றைக் காலில் இறக்க முடிந்த பிறகு ஒரு கட்டையை விடலாம். மிச்சமிருக்கும் ஒன்றை வலது கையில் பிடியுங்கள். அடிபட்ட பக்கத்திலேயே பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தப்பு. படியில் ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது அடிபட்ட கால் முன்னால். நின்று எடுக்கும் எக்ஸ்ரே பார்த்த பிறகே 15 கிலோவுக்கு மேல் போங்கள் என்பது மட்டும் நிபந்தனை.

விரல்களுக்கு, தரையில் ஒரு துண்டை விரித்து விரலாலேயே சுருட்டி இழுப்பது, கோலிக்குண்டை விரலால் கவ்வி டப்பாவில் போடுவது. கட்டை விரலை மேல்நோக்கி வளைப்பதை மறக்காதீர்கள். நடக்கும்போது கடைசியில் தரையைத் தள்ளிவிடுவது அதுதான். குந்தி உட்கார, இந்தியன் டாய்லெட்டில் உட்கார, பின்னங்கால் மடித்துத் தரையிலிருந்து எழ, எல்லாவற்றுக்கும் அந்த வளைவு வேண்டும். வலுக்கட்டாயமாக வளைக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பையனின் இறுகிய விரலை "கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்று சொல்லி அழுத்தி வளைத்தேன். அன்றிரவு பாதம் பானை மாதிரி வீங்கி, மூன்று வாரம் அவன் என் பக்கமே வரவில்லை. அதிலிருந்து அடுத்தவர் விரலை நான் வளைப்பதைவிட அவர்களே வளைக்க விடுவதுதான் அதிகம். விரல்கள் நாளாக நாளாகக் கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டே போனால் அது பயிற்சிக் குறைவாக இல்லாமலும் இருக்கலாம். அடிபட்ட அன்றே பாதத்துக்குள் அழுத்தம் ஏறிச் சின்ன தசைகள் சேதப்பட்டால் பின்னால் இப்படி இழுக்கும். டாக்டரிடம் காட்டுங்கள்.

வீக்கத்துக்கு, உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டுவது போதாது. படுத்து, இரண்டு தலையணை வைத்து, பாதம் நெஞ்சை விட உயரத்தில் இருக்கவேண்டும். அப்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டினால் கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி நீரை மேலே தள்ளும். கிரேப் பேண்டேஜ் கட்டினால் விரல் பக்கம் ஆரம்பித்து மேல்நோக்கி, விரல் பக்கம் சற்று இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும். கணுக்காலில் இறுக்கிக் கட்டிப் பாதத்தை பலூன் ஆக்கிக்கொண்டு வருபவர்கள் வாரத்துக்கு ஒருவர்.

பெரியப்பாவின் எண்ணெய்க்கு வருகிறேன். அவர் பாதி சரி. ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. அது காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் கிருமி போகும். தினம் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய் தொட்டு, விரல் நுனியால் சின்ன வட்டமாக, தோல் அடியில் நகரும் அளவுக்கு மட்டும் அழுத்தித் தடவுங்கள். தோல் தசைநாணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது நல்லது. கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு உருவுவது வேண்டாம். ஒட்டுத்தோல் கிழியும், எரியும் நரம்பு இன்னும் எரியும். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது, வெந்நீர் ஒத்தடம், சூடான மணல் மூட்டை, எதுவும் கூடவே கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. ஒத்தடத்தால் கொப்பளம் போட்டு, ஆறிய காலைத் திரும்பப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெந்நீர், தண்ணீர் மாறி மாறி வைப்பதற்கும் வலுவான ஆதாரம் கிடையாது, உங்கள் தோலுக்கு அபாயம் மட்டும் உண்டு.

மரத்த விரல் விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய பாடம் வேலூரிலேயே இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகால்களைப் பார்த்து அறிந்து சொன்னது, விரல்கள் அழிவது பெரும்பாலும் நோயால் நேரடியாக இல்லை, வலி தெரியாததால் கவனிக்காமல் விட்ட காயங்களால் என்பது. உங்கள் இரண்டு விரலுக்கும் அதே விதி. ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று கையால் துழாவிவிட்டுப் போடுங்கள். சர்க்கரை நோயாளிகள் போடும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு உங்களுக்கும் பொருந்தும். ஆனால் மேல்வார் ஒட்டுத்தோலின் மேல் உரசாத மாதிரி, பின்னால் வார் வைத்து, அளவெடுத்துத் தைத்து வாங்குங்கள்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், தழும்பில் சீழோ காய்ச்சலோ வந்தால், இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வேலை. தேதி கேட்டால் என்னால் சொல்ல முடியாது. என்னிடம் வந்தவர்களை வைத்துச் சொன்னால், பாதத்தின் நடு மூட்டு தப்பியவர்கள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 4 மாதத்தை ஒட்டியும், எட்டு மணி நேரம் நின்று எடை தூக்கும் வேலைக்கு 6 முதல் 9 மாதத்துக்குள்ளும் போனார்கள். நடு மூட்டில் காயம் இருந்தவர்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. சிலர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை, பக்கத்துப் பிரிவில் இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டோர் என்று மாறினார்கள். சி.ஆர்.பி.எஸ். வந்தவர்களுக்கு எந்தக் கணக்கும் சொல்லக்கூடாது. வேலைக்குத் தயாரா என்று நான் பார்ப்பது இது: அடிபட்ட ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா, அதே காலில் குதிகாலைத் தூக்கி எழும்ப முடிகிறதா, அரை மணி நேரம் நடந்த பிறகு மறுநாள் காலை பாதம் பழைய அளவில் இருக்கிறதா.

பணம் தீர்ந்துபோகிறது என்று அரைகுறைக் காலோடு மெஷின் முன்னால் போய் நிற்காதீர்கள். இ.எஸ்.ஐ.யில் இருந்தால், வேலையில் பட்ட அடிக்குக் கிடைப்பது சராசரி தினக்கூலியில் 90 சதவீதம், வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் சான்று தந்துகொண்டிருக்கும் காலம் முழுக்க. சாதாரண நோய் விடுப்பு என்று பதிந்துவிட்டால் 70 சதவீதம்தான், அதற்கு 91 நாள் என்ற வரம்பும் உண்டு. உங்கள் கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா, எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். 14 வாரம் என்பது 98 நாள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பாதம் முழுசாகத் தேறாமல் நின்றுவிட்டால் நிரந்தர ஊன உதவிக்கு மருத்துவக் குழு பார்க்கும். இதற்கு மேல் சட்டம் தெரிந்தவர்தான் சொல்லவேண்டும்.

சேஃப்டி ஷூ போட்டிருந்தும் எப்படி அடிபட்டது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஷூவின் முனையில் இருக்கும் இரும்புத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும். 20 கிலோவை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்ட மாதிரி. ஆனால் அது விரல்களோடு முடிந்துவிடுகிறது. உங்களுக்கு உடைந்தது அதற்கு ஒரு விரற்கடை பின்னால். டை, வார்ப்படம், பைப் கையாளுகிற இடங்களுக்கு, பாதத்தின் மேற்புறத்தையும் மூடும் தட்டு வைத்த ஷூ தனியாக இருக்கிறது. திரும்பிப் போகும்போது அதைக் கேளுங்கள், இடது காலுக்கு ஒரு அளவு பெரியதாக. மாலையில், வீங்கிய நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.